டொக்டரிடம் மறைத்த கொழுந்துப் பை

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மழை தொடங்கிய சமயம். பண்டாரவளையில் ஒரு சின்னக் கிளினிக்கில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன். மருந்து மாத்திரை இல்லாமல் கையாலேயே முதுகையும் கழுத்தையும் சரிசெய்கிற டொக்டர் ஒருவர் மாதத்தில் இரண்டு நாள் அங்கே வருவார். வாசலில் 'கைரோபிராக்டர்' என்று எழுதியிருந்தது. அதை எழுத்துக் கூட்டி வாசிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதுவரை நான் ஓர் இடத்தில் நின்றவன் இல்லை. வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினேன். கொழும்பில் கடையொன்றில் பாத்திரம் கழுவினேன். கொஸ்லந்தையில் புல் வெட்டினேன். பிடிக்காவிட்டால் அடுத்த பஸ். கல்யாணமான பிறகு மனைவியும் கூடவே அலைந்தாள். மகளை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று, நமுனுகுலப் பக்கம் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வைத்துச் சொல்லிவிட்டாள்: "நீங்க எங்க வேணும்னாலும் போங்க. நானும் புள்ளையும் இனி இங்கிருந்து அசைய மாட்டோம்."

ஆகவே அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போனேன். ஆளுக்கொரு செடி வரிசை, அதுதான் நிரை; எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான் ஆண். பெண்கள் தலையில் துணியை மடித்து வைத்து, பையின் கயிற்றை அதன்மேல் போட்டு முதுகில் தொங்கவிடுவார்கள். எனக்கு அது வெட்கமாக இருந்தது. கயிற்றை வலது தோளில் மாட்டிக்கொண்டேன்.

"என்னா மாப்பிள்ளை, தலையில போட்டா மீசை விழுந்துருமா?" என்றாள் பக்கத்து நிரைக்காரி. நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

பத்து மாதத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சதை கல்லாக இறுகிவிட்டது. கை காதுக்கு மேலே போகவில்லை. மனைவிதான் சட்டை மாட்டிவிட்டாள். எண்ணெய், தைலம், மகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னது எல்லாம் ஒரு நாளைக்குத்தான் தாங்கின. கை போனால் வேலை போகும், வேலை போனால் நான் மட்டும் தனியாக பஸ் ஏறவேண்டும். அந்தப் பயத்தில்தான் பண்டாரவளைக்குப் போனேன்.

டொக்டர் ஓர் ஒல்லியான முஸ்லிம் பெண். என்ன வேலை என்று கேட்டார். "மூட்டை தூக்குறேன் டொக்டர்" என்று வாயில் வந்துவிட்டது. தோளை அழுத்திப் பார்த்தார், மூச்சை விடச் சொன்னார், சட்டென்று ஓர் அமுக்கு. 'மளுக்' என்றது. செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் முதுகில் வெந்நீர் ஊற்றியதுபோல இதமாக இருந்தது, கை மேலே போனது! திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரத்தில் பழையபடி இறுகிவிட்டது. இந்தத் தடவை மனைவியும் வந்தாள்.

"மூட்டை தூக்குறவருக்கு ரெண்டு பக்கமும்தானே இறுகணும்? உங்களுக்கு வலப்பக்கம் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. நான் இளக்கி அனுப்புறேன், நீங்க போய் இறுக்கிக்கிட்டு வாறீங்க. உண்மையில என்ன செய்றீங்க?" என்றார் டொக்டர்.

மனைவி முந்திக்கொண்டாள்.

"கொழுந்து எடுக்கிறாரு டொக்டர். பொம்பளைங்க மாதிரி தலையில கயிறு போட வெக்கமாம். நாள் முழுக்க ஒத்தத் தோளுல மாட்டிக்கிட்டு நிக்கிறாரு."

எங்களுக்கும் வெளியே காத்திருந்தவர்களுக்கும் நடுவே ஒரு திரை மட்டும்தான். அந்தப் பக்கம் பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார்.

"தலையில போட்டாலும் கழுத்துக்குப் பாரம்தான்" என்றார். "ரெண்டு தோளுக்கும் பிரிச்சுப் போடுங்க. பை நிறையுற வரைக்கும் சுமக்காம இடையில கொட்டுங்க." தோள்பட்டை இரண்டையும் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற பயிற்சியும் காட்டிக்கொடுத்தார்.

மனைவி பழைய சேலையை மடித்து என் பைக்கு இரண்டு வார் தைத்தாள். மறுநாள் மலையில் ஒரே கூத்து.

"அடியே, மாப்பிள்ளை ஸ்கூலுக்குப் போறாருடி! எத்தனையாம் வகுப்புங்க?"

"ஆறு. அங்கதான் விட்டேன்" என்றேன். வேலையை மேற்பார்க்கிற கங்காணிகூட சிரித்துவிட்டார்.

பிறகு இரண்டு தடவை டொக்டரிடம் போனேன். சதை மெல்ல மெல்ல இளகியது. ஒரு மாதத்தில் மூன்று பெண்கள் தங்கள் பைக்கும் வார் தைத்துத் தரச் சொல்லி என் மனைவியிடம் வந்தார்கள். முதலில் வந்தவள் மீசையைக் கேலி செய்தவள்தான்.

இப்போது மூன்றாவது வருடமாக அதே மலையில் நிற்கிறேன். முதுகை இளக்கியது டொக்டரின் கை. ஆனால் யார் கேட்டாலும் "கொழுந்து எடுக்கிறேன்" என்று தயங்காமல் சொல்லும் தைரியம், என் மனைவி என் பொய்யை உடைத்தபோது எழுந்த அந்தச் சிரிப்பில்தான் கிடைத்தது.