ஏகாதசி நாளில் இட்லி

இதனை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்னும் எண்ணம் சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உண்டாயிற்று. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புணே நகரில் நம்மவர் சிலர் கூடிப் பெண்களுக்கென ஒரு தன்தொழில் பயிற்சி முகாம் நடத்தினர். பேச வந்தவர் ஓர் இளைஞர். நல்ல குரல், நல்ல உடை, நல்ல தமிழ். வெற்றி பெற்ற தொழில்முனைவோர்க்கு வேண்டிய பண்புகளை வரிசையாக அடுக்கியவர், சான்றுக்குச் செண்பகத்தின் கதையைச் சொன்னார். இந்நகரின் ஹடப்சர் பகுதியில் மென்பொருள் அலுவலகங்களுக்கு மதிய உணவு அனுப்பிவரும் அதே செண்பகம்தான்.

தொடக்க காலத்தில் ஒரு தொழிற்சாலையில் இவர் சமைத்த இட்லியைத் தொழிலாளர் உண்ண மறுத்தனராம். இவர் சற்றும் அஞ்சாமல் அவர்கள்முன் நின்று முழங்கினாராம். உள்ளம் உருகிய அனைவரும் இட்லியை வாங்கி உண்டனராம். "துணிவு அவருக்குப் பிறவிக்குணம்" என்று பேச்சாளர் முடித்தார். கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று.

எனக்கு முன்னிருந்த ஓர் இளம்பெண் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "அப்போ நமக்கெல்லாம் இது சரிப்படாதுக்கா."

எவ்வளவு பெரிய பிழை! நடந்தது அதுவன்று. யாரும் முழங்கவில்லை. விரதமிருந்தவர் எவரும் அந்த இட்லியைத் தொடவும் இல்லை. நான் அங்கே இருந்தேன். ஆகவே நான் எழுதத்தான் வேண்டும்.

*

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கல்லூரியில் பொருளியல் ஆசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வுபெற்றிருந்த காலம். எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் செண்பகம். நெல்லைப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. கணவர் விடியுமுன் பிம்ப்ரிக்குப் பணிக்குப் புறப்பட்டுவிடுவார். செண்பகம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கராக இருந்தார்.

அவர் கைச்சமையலின் மணம் மாடிவரை வரும். அந்த மணத்தை நம்பியே அவர் வேலையை விட்டார் என்றால் மிகையன்று. ஹடப்சர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை, தன் கேன்டீனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. அங்கே பணியாளர் நலன் பார்த்த தேசாய் என் பழைய மாணவர். அறிமுகம் செய்துவைத்தேன்.

ஒரு மாதம் சோதனைக்காலம், சரியாக அமைந்தால் ஓராண்டு ஒப்பந்தம், இல்லையேல் கைகுலுக்கிப் பிரிந்துகொள்வது... இதுவே தேசாய் வைத்த ஏற்பாடு. பள்ளியிலோ செண்பகத்தின் இடத்தில் வேறொருவர் அமர்ந்தாயிற்று. அடுப்பும் அண்டாக்களும் வாங்கியாயிற்று. திரும்பிச் செல்ல வழி இல்லை.

எனக்கோ அவரைக் கவனிப்பதில் தனி ஆர்வம். தொழில்முனைவோர்க்குரிய பண்புகள் குறித்து நானும் அந்நாளில் ஓர் உரை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அதில் முதலிடம் தன்னம்பிக்கைக்கு. அதற்கு உயிருள்ள சான்று கீழ்வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

சோதனை மாதத்தின் கடைசி வாரத்தில் ஆஷாட ஏகாதசி வந்தது. பண்டரிபுரம் செல்லும் பல்லக்குகள் சோலாப்பூர் சாலை வழியே முன்பே போய்விட்டிருந்தன. ஆயினும் ஊர் இன்னும் அந்த பக்தியில்தான் இருந்தது. முதல்நாள் மாலை தேசாய் செண்பகத்திடம், நாளை பெரும்பாலோர் விரதம், அதற்கேற்ற உணவு செய்துவிடுங்கள் என்றார்.

"தெரியும் சார். நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன்" என்று செண்பகம் வீடு திரும்பியதும் என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

உண்மையிலேயே அவருக்குத் தெரியும். நம் வீடுகளில் விரதம் என்றால் என்ன? சோறு இல்லை. வெங்காயம், பூண்டு இல்லை. நீராடிவிட்டுத் தூய பாத்திரத்தில் சமைத்துப் பலகாரம் உண்பது. இட்லி, உப்புமா, வடை... இவை சோறு அல்லவே! இந்த வாதத்தின் நிழலில் நம்மில் எத்தனைபேர் எத்தனை விரதங்களைச் சுகமாகக் கழித்திருக்கிறோம்?

செண்பகம் ஒரு குறையும் வைக்கவில்லை. இட்லித்தட்டுகளுக்குப் புதுத்துணி. சட்னிக்குத் தேங்காயும் இஞ்சியும் மட்டும். படைக்குமுன் எச்சிலாகக் கூடாதென்று உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. "நீங்களும் வாங்க சார், ஏகாதசிப் பலகாரம் சாப்பிடலாம்" என்று என்னையும் அழைத்தார். என்ன பலகாரம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூடியைத் திறந்தபோதுதான் நானும் கண்டேன்.

மராட்டிய வீடுகளின் விரதம் வேறு என்பது இங்கே வாழும் உங்களுக்குத் தெரிந்ததே. வெளியூர் வாசகர்க்காகச் சொல்கிறேன். அரிசி, கோதுமை, உளுந்து ஆகிய எதுவும் அன்று அண்டக்கூடாது. ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, தயிர், வாழைப்பழம் போன்றவை ஆகும். பட்டினி கிடந்தாலும் கிடப்பாரே ஒழிய, விரதக்காரர் இட்லியைத் தீண்டமாட்டார். இட்லியில் என்ன இருக்கிறது? அரிசியும் உளுந்தும்!

வரிசையில் முதலில் நின்றவர் மோரே. இயந்திரப் பிரிவில் மூத்த தொழிலாளி, கேலிக்குப் பெயர்போனவர். செண்பகத்தை அண்ணி முறைவைத்து 'வஹினி' என்றே அழைப்பார். ஆவி பறக்கும் இட்லிகளைச் சற்று நேரம் பார்த்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வஹினி, விரதம்னா இதுதான்னு தெரிஞ்சிருந்தா, நான் வருஷம் பூரா விரதம் இருந்திருப்பேனே."

பின்னாலிருந்து ஒருவர்: "சட்னி வாசனைக்கு விட்டலனே செங்கல்லவிட்டு இறங்கி வந்துடுவான்டா."

பண்டரிபுரத்தில் செங்கல்மேல் நிற்கும் இறைவனையே இழுத்துவிட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அதில் வன்மம் இல்லை; ஆனால் பசி இருந்தது. யாரோ வெறுந்தட்டில் கரண்டியால் தட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டனர். ஓசை கேட்டுத் தேசாய் விரைந்து வந்தார். இட்லியைப் பார்த்தார். செண்பகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

"எங்க ஊருல..." என்று செண்பகம் தொடங்கினார்.

நிறுத்திவிட்டார்.

காய்கறிக்காரரிடம் ஒரு கத்தரிக்காய்க்காகத் தெருமுனைவரை வாதிட்டு வெல்பவர் அவர். சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவரோ மோரேயின் பக்கம் திரும்பித் தம் அரைகுறை இந்தியில், "உங்க வீட்டுல இன்னைக்கு என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

மோரே இதை எதிர்பார்க்கவில்லை. ஜவ்வரிசிக் கிச்சடி என்றார். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று அடுத்த கேள்வி. முதல்நாள் இரவே. அப்படியானால் உடனே செய்யக்கூடியது? உருளைக்கிழங்கைத் துருவி வதக்குவது உண்டு. அதில் என்னென்ன சேரும்? சீரகம், பச்சைமிளகாய், நிலக்கடலைப் பொடி. மஞ்சள்? கூடவே கூடாது. கொத்தமல்லித்தழை?

இங்கேதான் வேடிக்கை. ஒருவர் ஆகும் என்றார். இன்னொருவர், "உங்க வீட்டுல ஆகும். எங்க ஆயி பார்த்தா அடுப்பையே கழுவிவிட்டுடுவா" என்றார். மூன்றாமவர் உப்பிலும் ஒரு வகைதான் ஆகும் என்று ஒரு புதிய சிக்கலைக் கிளப்பினார். செண்பகத்தை விட்டுவிட்டு அவர்களுக்குள் வழக்காடத் தொடங்கினர். தட்டோசை எப்போது நின்றது? யாரும் கவனிக்கவில்லை.

தேசாய் அரைமணி நேரம் கொடுத்தார். அதற்குள் ஆகாவிட்டால் வெளியிலிருந்து உணவு வரவழைப்பதாகவும், பிறகு ஒப்பந்தத்தைப் பற்றித் தம்மிடம் பேச வேண்டாம் என்றும் தெளிவாகவே சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

மறுநாள் சமையலுக்கென உருளைக்கிழங்கு மூட்டை இருந்தது. கேரட் துருவும் துருவிகள் கேன்டீனிலேயே கிடந்தன. நிலக்கடலைக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருவர் மழையில் நனைந்தபடி வாயிற்புறக் கடைக்கு ஓடினார். மோரே சட்டைக்கையை மடித்துக்கொண்டு, "நகருங்க. நீங்கள்லாம் துருவினா தீபாவளி வந்துடும்" என்று முன்னே வந்தார். நானும் துருவினேன். கிழங்கோடு என் விரல்கணுவும் சற்றுத் துருவப்பட்டது.

அரைமணியில் முடியவில்லை. தேசாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் வெளி உணவுக்கு ஆளை அனுப்பவில்லை.

உண்டார்கள். உப்புக் குறைவு என்று ஒருவர் சொன்னார். செண்பகம், கொஞ்சம் குறைவா, ரொம்பக் குறைவா என்று கேட்டார். விரதமில்லாத சிலர் இட்லியை ஒரு கை பார்த்தனர். அவர்களில் நானும் ஒருவன். இட்லி, பஞ்சு போல இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

*

அதன்பின் மாலை மரியாதையா? இல்லை. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சோதனைக்காலத்தை இன்னும் ஒன்றரை மாதம் நீட்டினார் தேசாய், அவ்வளவுதான். அதற்குள் அடங்கிய மாதம் எது தெரியுமா? சிராவணம்! திங்கள் விரதம் சிலருக்கு, சனி விரதம் சிலருக்கு, மாதம் முழுதும் ஒருவேளை உணவு சிலருக்கு. இதைவிடக் கடினமான தேர்வை யார் வைக்க முடியும்?

அன்றே ஏன் விலக்கவில்லை என்று தேசாயிடம் பின்னர்க் கேட்டேன். முன்னிருந்த ஒப்பந்தக்காரர் பருப்பு தீய்ந்தால், தீயவே இல்லை என்று மாலைவரை வாதிடுவாராம். "இவங்க வாதாடலை சார். ஆனா ஒருநாளை வச்சு ஓராண்டுக்கு முடிவு செய்ய முடியுமா?" என்றார். என் மாணவர்தான், சரியாகவே சிந்தித்திருக்கிறார்.

அந்த சிராவணம் முழுதும் செண்பகம் மாலைதோறும் தொழிலாளரிடையே கேட்டுக்கொண்டே நடந்தார். நாளை யாருக்கு என்ன விரதம், எது ஆகும், எது ஆகாது? சிராவணம் முடிந்த வாரம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

என்னால்தான் அந்த ஒரு நிறுத்தத்தை மறக்க முடியவில்லை. 'எங்க ஊருல' என்பதற்கும் 'உங்க வீட்டுல' என்பதற்கும் இடையே அவருக்குள் நிகழ்ந்தது என்ன? பணிவா? முதிர்ச்சியா? பிறவியில் வந்ததா, பயின்று பெற்றதா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

செண்பகம் சிரித்தார்.

"பணிவா? எனக்கா? எங்கம்மாகிட்ட கேட்டுப் பாருங்க சார். அன்னைக்கு எனக்கு அழுவாச்சி முட்டிக்கிட்டு வந்துட்டு. அத்தனை பேரு முன்னாடி அழுதுறக்கூடாதுன்னுதான், மோரே வாயை எதுலயாவது மாட்டிவிடுவோம்னு கேட்டேன். அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பாதியில பாத்தா அழுவாச்சியக் காணும். அவரு சொல்லுதது எனக்கு நெசமாவே வேண்டியிருந்துச்சுல்லா."

நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, நான் இதைப் பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பண்பு முதலில் உள்ளத்தில் முளைக்கும், பிறகு செயலாகப் பழுக்கும் என்றுதான் நாம் எழுதுகிறோம், பேசுகிறோம். இங்கோ செயல் முன்னால் வந்துவிட்டது, அதுவும் அழுகையை மறைக்கும் திரையாக! பண்பு பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

என் உரையில் முதலிடம் பெற்றிருந்த தன்னம்பிக்கையோ? அன்று இட்லியை வேகவைத்ததே அதுதான். தேசாயிடம் ஒரு கேள்வி கேட்கவிடாமல் செய்ததும் அதுதான். தன்னம்பிக்கை வேண்டாம் என்பேனா? வேலையை விட்டுவிட்டு அண்டா வாங்கவும் அதுதானே துணை நின்றது! எங்கே அதைத் துணைக்கு அழைப்பது, எங்கே வாயிலிலேயே நிறுத்திவைப்பது... இதற்கு விதி எதுவும் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

இன்றும் எவரேனும் சமையலில் குறை சொன்னால் செண்பகத்துக்குச் சினம் வருகிறதாம். முதலில் என்ன குறை என்று கேட்டு முடித்துவிடுவாராம். சினத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று கணவரிடம் இறக்கிவைப்பாராம். கணவரும் இதை உறுதிசெய்தார். பழைய குணம் எங்கும் போய்விடவில்லை. புதியது அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது, அவ்வளவே. 'வளர்த்துக்கொள்வது' என்று நாம் சொல்வது ஒருவேளை இதுதானோ?

எழுதியதைச் செண்பகத்திடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களைத் திருத்தினார், திருத்திவிட்டேன். ஆயினும் என் நினைவு பழுதற்றது என்று சொல்லமாட்டேன். அன்று அந்த வரிசையில் நின்றவர் எவரேனும் இதைப் படிக்கவோ, பிறர் படித்துச் சொல்லக் கேட்கவோ நேர்ந்தால், பிழை எதுவாயினும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம்: என்னிடமே தெரிவியுங்கள். செண்பகத்திடம் சொன்னால் உங்களை உட்காரவைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறி அனுப்பிவிடுவார்... நீங்கள் சொல்லவந்த பிழை எனக்கு வந்து சேராது.