தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் சமையலறை மேல்தட்டில் ஒரு பழைய பால்மாவு டின் இருக்கிறது. துருப்பிடித்து, சுற்றியிருந்த தாள் உரிந்துபோய், 'விற்பனைக்கு அல்ல' என்ற ஆங்கில எழுத்து மட்டும் அரைகுறையாக மிச்சம். உள்ளே பால்மாவு இல்லை. ஒரு கைப்பிடித் தவிடு இருந்தது, அதுவும் வண்டு தின்று தூசியாகிவிட்டது. மருமகள் அதை இரண்டு முறை குப்பையில் போடப் பார்த்தாள். அது அத்தையின் சொத்து, கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

அத்தை அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லாதவள். எங்கள் மலாய் நாட்டு ஊரில், பண்டார் ஹிலிர் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் துணி துவைத்துவிட்டு, காஜா பேராங்கில் எங்கள் தகரக் கூரை வீட்டுக்கு நடந்தே திரும்புவாள். காய்க்கடைக்காரன் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தால்கூட, இன்றைக்கு ஏன் கொடுத்தான் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருவாள். அதற்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில், திடலுக்கு வந்தால் இனாமாக அரிசி என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தையின் புருஷன், எங்கள் மாமா, பையை எடுத்துக்கொண்டு போனார். திடலிலிருந்தே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். மாமா திரும்பவே இல்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீரைக் குடித்துக் குடித்து, மூன்று மாதமாகியும் முருங்கைக்காய் மாதிரி கிடந்தான். அழக்கூடத் தெம்பில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் சந்துக்கு கவர்மெண்டு வெல்ஃபேர் வேன் வர ஆரம்பித்தது. மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி இறங்கி, கொக்கித் தராசில் துணித் தூளி கட்டி, பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து பால்மாவு கொடுப்பாள். அடுத்த மாதம் மறுபடியும் நிறுத்துக் காட்டினால்தான் அடுத்த டின்.

அப்பா வேண்டாம் என்றார். முனிசிபாலில் சாக்கடை வேலை அவருக்கு. சம்பளம் வாங்குகிறவன் எதற்குக் கையேந்த வேண்டும், நாதியில்லாதவன் வாங்கட்டும் என்பது அவர் கட்சி. அம்மா எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று பேசினாள். "நீங்க சாக்கடைய வாரலைன்னா இந்த ஊரே நாறிப்போவும். அந்த கவர்மெண்டுதானே குடுக்குது? வாங்குனா என்னா?"

அத்தையின் பயம் வேறு. அந்தக் கொக்கித் தராசை அவள் கோழி வியாபாரியின் கையில்தான் பார்த்திருக்கிறாள். "நிறுக்கிறதே வாங்கத்தானே? புள்ளைய எதுக்கு நிறுக்குறான்?" என்றாள். சிரிக்கத் தோன்றும். ஆனால் வளர்க்க வழியில்லாமல் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த வீடுகள் எங்கள் சந்திலேயே இருந்தன.

கடைசியில் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். நோஞ்சான் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது நம் ஆட்களிடம் உள்ள பழக்கம். வேறொருத்தி ஒரு பிடித் தவிடு கொடுத்து வாங்கிவிட்டால், தவிட்டுக்குப் போன பிள்ளை நமக்கெதற்கு என்று எமன் விட்டுவிடுவானாம். எமனை ஏமாற்றுவது கவர்மெண்டையும் ஏமாற்றும் என்று அத்தை கணக்குப் போட்டாள். பக்கத்தில் ஒரு செட்டி வீடு. நம் சாமியைக் கும்பிட்டு மலாய் பேசுகிற குடும்பம். அவர்கள் கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு பிடி வாங்கி வந்து, அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டாள். "இனிமே இவன் என் புள்ள. ஒங்கிட்ட இல்லாததை எவன் வந்து எடுப்பான்?" விளையாட்டுச் சடங்குதான், ஆனாலும் அம்மா அழுதுவிட்டாள்.

அம்மா தம்பியை நிறுத்துக் காட்டி முதல் டின்னை வாங்கி வந்ததும் அத்தை ஒரு தம்ளர் கரைத்துத் தானே குடித்தாள். சாயங்காலம்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தனக்கு என்ன ஆகிறது என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் தம்பிக்குக் கொடுக்க விட்டாள். கையேந்த மாட்டேன் என்ற அப்பா, டின் தீரும்போது அடியைச் சுரண்டிக் கோப்பியில் போட்டுக்கொண்டார். காலி டின்னில் அம்மா அந்தத் தவிட்டைப் போட்டு மூடி வைத்தாள்.

மறு மாதம் அத்தைதான் தம்பியை வேனுக்குத் தூக்கிப் போனாள். தாய் எங்கே என்று மிஸ்ஸி மலாயில் கேட்டாள். அத்தை தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், "சாயா. சுடா பெலி" என்றாள். நான்தான், வாங்கியாச்சு. எழுதிக்கொண்டிருந்த மிஸ்ஸியின் கை நின்றுவிட்டது.

அடுத்த வாரமே வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓர் அதிகாரி, கூடவே மொழிபெயர்க்க, ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி ஒருவர். அப்பா வேலைக்குப் போயிருந்தார். எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கிராணி கேட்க, "ஒரு புடி தவுடு" என்றாள் அத்தை. அதை எப்படி மலாயில் சொல்வது என்று தெரியாமல் அவர் விழித்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, வெலைக்கு வாங்குன புள்ளன்னா விசாரணை முடியிற வரைக்கும் இவங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க. யாரு புள்ளன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அத்தை வேனைப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது மாமாவை ஏற்றிப்போன அந்த லாரியாகத்தான் இருக்க வேண்டும். என் புள்ள என்றால் வேன் கொண்டுபோகும். இல்லை என்றால் விற்ற விற்பனை முறிந்து தம்பி எமன் கண்ணில் படுவான். தன் பிள்ளை என்று சொல்ல அம்மாவுக்கும் அதே பயம். அத்தை தம்பியை மெல்ல அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அவ பெத்த புள்ளதான். எனக்குப் புள்ளயே கெடையாது."

கிராணி முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். அதிகாரி தலையாட்டிவிட்டு இன்னொரு டின்னை வைத்துவிட்டுப் போனார்.

வேன் திரும்பியதும் அம்மா தவிட்டு டின்னைக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டினாள். விற்பனை முறிந்தால் தவிட்டைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா. அத்தை வாங்கவில்லை. "இருக்கட்டும். அவனுங்ககிட்ட சொன்னது அவனுங்களோட போச்சு" என்றாள். தம்பி அந்த வருஷமே கொழுகொழுவென்று ஆகிவிட்டான். பால்மாவுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தவிடு இல்லை என்று அடித்துச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

உழைக்கிற குடும்பம் அரசாங்க உதவியை வாங்கலாமா என்று இப்போதும் வாதம் செய்கிறார்கள். நான் வாங்குகிறேன். அம்மா சொன்ன நியாயம் எனக்குப் போதும். ஆனால் அரிசிப் பையைக் கையில் கொடுத்துவிட்டுப் படம் பிடிக்க வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அது அத்தையின் புத்தி, போகாது.

அத்தை இறந்தபோது தம்பி பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் வேலையாக இருந்தான். கொள்ளி வைக்க அவன்தான் நின்றான். நீங்கள் என்ன உறவு என்று சுடுகாட்டில் கேட்டார்கள். "வாங்குன புள்ள" என்றான். கேட்டவருக்குப் புரியவில்லை. நான் அப்போதுதான் அழுதேன்.

போன மாதம் வந்திருந்தவன் டின்னை இறக்கி, வெளிச்சத்தில் பிடித்து அந்த எழுத்தைப் படித்தான். "அக்கா, விக்கிறதுக்கு இல்லன்னுல்ல போட்டிருக்கு" என்று சிரித்தான்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.