தம்பியின் விரல்களுக்காகக் கேட்ட லைசென்ஸ்

என் தம்பி சாமுவேலின் வலது கை கொதிக்கிற சாய அண்டாவுக்குள் போன நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. வீரபாண்டியில் அவன் வேலை பார்த்த சாயப்பட்டறை. கால் வழுக்கியது. அவ்வளவுதான். பக்கத்தில் கிடைத்த வைத்தியத்தில் ஐந்து விரலையும் சேர்த்துத் துணிப் பந்தாகச் சுற்றிவிட்டார்கள். புண் ஆறியது. ஆறும்போது நாலு விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இருபத்து நாலு வயசு. சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாத கை.

சபையாரே, அன்று நான் அழுதது கொஞ்சமல்ல.

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில், வெந்த கைகளைப் பற்றி மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் ஒருவரிடம் அவனைக் கொண்டுபோனேன். விரலுக்கு ஒன்றாக மெல்லிய பருத்தி உறை மாட்டினால், புண் ஆறும்போதே விரலை மடக்கி நீட்டலாம், ஒட்டாது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். ஒரே தொல்லை, தைத்த உறையில் தையல் புண்ணை உரசியது.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"திருப்பூர் மண்ணரையில நாலு மிஷின் வெச்சுப் பனியன் துணி ஓட்டறேனுங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பழைய சாக்ஸ் மிஷின் ஒன்றைப் பிரித்து, விரல் பருமனுக்குச் சிலிண்டர் கடைந்து, ஊசியைக் குறைத்து, தையலே இல்லாத குழாய் உறை பின்னினேன். டாக்டர் சிலருக்குப் போட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் ஒட்டவில்லை. "சாமுவேல் விரலை ஆபரேஷன் பண்ணிப் பிரிச்சுடலாம். ஆனா, பிரிச்ச அன்னைக்கே உறை மாட்டணும். பங்குனி தாண்டினா மூட்டு இறுகிடும்" என்றார். அதே வாரம் ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்லிவிட்டது: புண்ணில் படுகிற துணி மருந்துச் சட்டத்தில் வருகிறது, லைசென்ஸ் இல்லாதவரிடம் வாங்க மாட்டோம்.

சரி, லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

மருந்து ஆபீஸில், இது துணி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். துணி ஆபீஸில், இது மருந்து என்றார்கள். அங்கே ஒரு கிளார்க் உறையை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே, "என்னங்க இது, கையில்லாத பனியனுங்களா?" என்றார். "இல்லீங்க, கை மட்டும் இருக்கற பனியனுங்க" என்றேன். ஆபீஸே சிரித்தது. காகிதம் மட்டும் நகரவில்லை. கடைசியில் மருந்து ஆபீஸிலேயே மனுவை வாங்கிக்கொண்டு தனி அறை கேட்டார்கள், கட்டினேன். சுவருக்கு வெள்ளை ஓடு, ஜன்னலுக்குக் கம்பி வலை, மருந்து படித்த ஆள் ஒருவர். எல்லாம் செய்து முடித்துக் காத்திருந்தால், மார்கழியில்தான் மருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பேன்ட்டில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே சாம்பிளுக்கு சீல் வைத்து எடுத்துப் போனார். தை முடிகிற நேரத்தில் இங்கிலீஷில் ஒரு தாள் வந்தது. மருந்து படித்த ஆள் அன்று ஊரில் இல்லை. எனக்குப் படிக்க வந்தது ஒரே வார்த்தை. ஃபெயில்.

அந்தத் தாளை யாரிடமாவது காட்டிப் படித்திருக்கலாம். கோபத்தில் மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டு, மிஷின்களுக்கு நடுவில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அந்த இன்ஸ்பெக்டர் மனசை மாத்தும். இல்லாட்டி ஆளையே மாத்தும்." இப்படித்தான் தினமும்.

என் மனைவி ஒரு வாரம் கேட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, ஜெபம் பண்றீங்களா, ஆண்டவர்கிட்ட மொட்டை பெட்டிஷன் போடறீங்களா?" என்று கேட்டே விட்டாள். சுருக்கென்றது. அன்றுதான் முதல் தடவையாக, "என் தப்பு ஏதாவது இருந்தா அதைக் காட்டும்" என்று கேட்டேன். மனசில்லாமல்தான் கேட்டேன். பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் மதியம் ஊத்துக்குளி பஸ் எங்கள் முக்கில் பழுதாகி நின்றது. வெயில் தாங்காமல் இறங்கி, தண்ணீர் கேட்டு எங்கள் ஷெட்டுக்குள் வந்தவர் யார் என்கிறீர்கள்? அதே இன்ஸ்பெக்டர்.

சொம்பைக் கொடுத்தேன். வாயில் வந்ததையும் கொடுத்தேன். "என் தம்பி கை வீணாப்போகுதுங்க. அப்படி என்னங்க குத்தம் கண்டீங்க?"

அவர் குடித்த மிச்சத் தண்ணீரில் மேசைமேல் கிடந்த உறை ஒன்றைப் போட்டார். அது வாத்து மாதிரி மிதந்தது.

"பாத்தீங்களா? தண்ணியவே குடிக்காத துணி, புண்ணுல வர்ற நீரை எப்படிக் குடிக்கும்? சாயம் வேற இருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கே, படிக்கலீங்களா? எதைப் போட்டீங்க?"

"சாயமெல்லாம் இல்லீங்க. நீலம் முக்கினேன். கொஞ்சம் கஞ்சி. அப்புறம் இஸ்திரி. கவர்மென்டுக்குப் போற சாமான், பளிச்சுனு இருக்கோணுமில்லீங்களா?"

இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நான் என்ன பனியன் கடையா வெச்சிருக்கேன்?"

திருப்பூரில் பிறந்தவன் வேறு என்ன செய்வான்? நீலம் போடாத வெள்ளையை வெளியே அனுப்பினால் எங்களுக்கு மானம் போன மாதிரி. டாக்டருக்கு நான் கொடுத்ததெல்லாம் வெறுமனே வெளுத்து அலசினது. சர்க்காருக்கென்று அலங்காரம் செய்ததுதான் என் தம்பியை மாசக்கணக்கில் காக்க வைத்தது. அத்தனை நாளும் நான் ஆண்டவரிடம் குற்றம் சாட்டியது இந்த மனுஷரை.

அலசின உறை ஒன்றைக் கொண்டுவந்தேன். நீலம் இல்லாத பழுப்பு வெள்ளையாக, பார்க்கவே கூச்சமாக இருந்தது. தண்ணீரில் போட்டதும் கல் மாதிரி இறங்கியது. "இதுதாங்க வேணும்" என்று சொல்லி, அங்கேயே எழுதி, சீல் வைத்து, தன் பையிலேயே எடுத்துக்கொண்டு போனார். பங்குனி பிறந்து நாலாம் நாள் லைசென்ஸ் வந்தது. பதினோராம் நாள் ஆபரேஷன்.

இன்றைக்கும் அந்த ஆபீஸுக்குப் போனால் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் படி ஏறும் முன்னே, மேசைக்குப் பின்னால் இருக்கிறவருக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிக்கிறேன். முன்பெல்லாம் எனக்கு அது வராது. இதை வாசிக்கிற உங்களில் யாருடைய காகிதம் எங்கே முடங்கிக் கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் கேளுங்கள். திட்டிக்கொண்டே கேட்டாலும் கேட்கிறவர் அவர். உங்கள் தப்பையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அவர் கூசாமல் காட்டுவார்.

உறைகளைக் கடைசியாகக் கழற்றிய அன்று நான் சாமுவேலின் கையைப் பார்க்கப் பயந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்தே இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் தோளில் ஒரு கை விழுந்தது.

"திரும்புங்கண்ணா" என்றான் அவன். விரலெல்லாம் விரித்துக் காட்டினான். "நீங்களே எண்ணிக்குங்க."

எண்ணினேன். தேவனுக்கே மகிமை.