மூட்டை மேல் விரித்த அட்டைகள்

தேயிலை விலை படுத்துவிட்ட சமயம். கோவையில் அட்டை விளையாட்டுப் போட்டி நடக்கவிருந்தது; ஒன்றிரண்டு நிற அட்டைகளைச் சேர்த்து அவரவரே கட்டு அமைத்து மோதும் ஆட்டம். என் கட்டில் அதுவரை சிவப்பு அட்டைகள் மட்டுமே இருந்தன. இரண்டாவது நிறமாக நீலத்தைச் சேர்ப்பதா, பச்சையைச் சேர்ப்பதா என்று ஆடிப் பார்க்க, மலைமேல் இத்தலாரில் என் நண்பன் மாதனின் தோட்டத்துக்குப் போனேன். அவன் பறித்த இலையோடு ஃபேக்டரி லாரிக்குக் காத்திருந்தான். இலை மூட்டையையே மேசையாக்கி உட்கார்ந்தோம். கீழே ரோட்டில் ஹார்ன் அடித்தது எனக்கும் கேட்டது; எந்த வண்டி என்று எட்டிப் பார்க்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்டா" என்றேன்.

பொழுது சாய அட்டைகளை அள்ளியபோது மூட்டை கையைச் சுட்டது. உள்ளே அடைபட்ட பச்சை இலை தன் சூட்டிலேயே வெந்து சிவந்து கிடந்தது. இனி எந்த ஃபேக்டரியும் அதை எடுக்காது.

"லாரி எப்படா வரும்?" என்று கேட்டேன்.

"அப்பவே போயிருச்சு. நீ யோசிச்சுட்டு இருந்த, அதான் எந்திரிக்கல. விடு, இப்ப விக்கிற விலைக்கு..."

பச்சையைத்தான் சேர்த்தேன். போட்டியில் ஜெயித்தும் விட்டேன். அதை எந்த முகத்தோடு மாதனிடம் போய்ச் சொல்வது?