அழுகைக்கு அலர்ஜி என்று பெயர்

எங்கள் வீட்டுக்காரருக்கு வருத்தம் வந்து நான் பார்த்ததில்லை, 'மூட் அவுட்' தான் வரும். பசி வராது, 'லோ சுகர்' வரும். மகளைக் கட்டிக்கொடுத்து ஏரலுக்கு வண்டி ஏற்றிய அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். என்னவென்று கேட்டால் 'டஸ்ட் அலர்ஜி'யாம். தச்சநல்லூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிற பெரிய மனிதருக்குத் தமிழில் வலித்தால் கௌரவம் என்னாவது?

போன மாதம் ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர், சட்டையைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. "ஏட்டி, நெஞ்சுல அம்மியத் தூக்கி வச்சாப்ல இருக்கு" என்றவர், ஓவென்று அழுதேவிட்டார். அந்த வாயிலிருந்து சுத்தத் தமிழைக் கேட்டதும் ஒரு சட்டையை மாட்டிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிடைத்த ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். "என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று அழகாகத் தமிழில்தான் கேட்டார். துரை விடுவாரா? "நத்திங் டாக்டர். லைட்டா ஒரு அன்ஈசி. கேஸ் டிரபிள்தான்." முகத்தில் சிரிப்பு வேறு! என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனிதர் இப்படிச் சிரிக்கவில்லை. எப்போதிருந்து என்றதற்கு, "ஜஸ்ட் நவ்" என்றார். டாக்டரும் தலையை ஆட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம். "கேஸாம் கேஸு! இவுக சொல்லுதத நம்பாதீங்கம்மா. நெஞ்சுல அம்மிய வச்சாப்ல இருக்குன்னு வீட்ல ஓன்னு அழுதாக. வேர்த்து ஊத்திட்டு" என்று போட்டு உடைத்தேன்.

இவர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! உயிர் போனால் போகட்டும், அழுததைச் சொல்லிவிட்டாளே பாவி! டாக்டர் உடனே இசிஜி எடுக்கச் சொன்னார். அந்தத் தாளைப் பார்த்த மறு நிமிடம் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. இருதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, இப்போதே சரிசெய்தாக வேண்டும் என்றார்கள்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"பயமா இருக்குட்டி" என்றார். "ஒனக்கு?"

இவர் இல்லாமல் அந்த வீட்டுக் கதவை எப்படித் திறப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"எனக்கென்ன? கொஞ்சம் டென்ஷன், அவ்வளவுதான்" என்றேன்.