கடைசிப் பக்கத்துப் பெயர்

எண்பதுகளில் கடத்தூரில் ஒரு அச்சகக்காரர் இருந்தார். ஒல்லி உடம்பு, விரலெல்லாம் மை. எந்த நகைச்சுவையைப் படித்தாலும் சிரிக்க மாட்டார். தண்ணீர் வராத குழாயைத் திறந்துவைத்த பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டலடித்து, எங்கள் சிற்றிதழுக்குப் புனைபெயரில் ஒரு கதை எழுதி அவரிடம் கொண்டுபோனேன்.

"உங்களுது பொய்ப் பேருங்க. கடைசிப் பக்கத்துல அச்சிட்டவர்னு போடறது என் நெசப் பேருங்க. தலைவரு ஆளுங்க எங்கிட்டத்தான் வருவாங்க."

நான் உடனே பின்வாங்கினேன். "அப்ப எடுத்துடலாங்க."

"எடுக்க வேணாங்க. இன்னும் காரமா எழுதிட்டு வாங்க. இப்படிச் சப்புன்னு இருக்கறதுக்கெல்லாம் நான் அடி வாங்க முடியாதுங்க."

மூன்று முறை திருத்தினேன். நான்காவதைப் படித்துவிட்டு, சிரிக்காமலே அச்சுக் கோக்க உட்கார்ந்தார்.

இதழ் வெளிவந்த வாரம் முழுக்க நான் காய்ச்சல் என்று சொல்லி மாமனார் ஊரில் படுத்திருந்தேன். அவர் ஒரு நாள்கூட அச்சகத்தைச் சாத்தவில்லையாம்.