எட்டாவது முன்கண்ணாடி

பஸ் டிரைவருக்கு ஓய்வு நாளில், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் குட்டிக் கார் செய்வதுதான் வேலை. அன்று முன்கண்ணாடியை, பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது விரிசல் விட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு அல்லவா, நொடியில் ஒட்டும் பசையைத் தடவிவிட்டார். விரிசல் சேர்ந்தது. ஆனால் பசையின் ஆவி பட்டு, கண்ணாடி முழுக்கப் பனி படிந்ததுபோல் வெளுத்துவிட்டது.

“கண்ணாடி இல்லாமலே அலமாரில வைங்க. யாரு ஓட்டப்போறா?” என்றாள் மனைவி.

டிரைவர் முறைத்தார். அதே வளைவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கினார். பிஸ்கட் டப்பாவின் கண்ணாடி போன்ற மூடியை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி, மரத்தின்மேல் இழுத்து அழுத்தினார். முதல் மூடி கருகியது. அடுத்தது கிழிந்தது. மூடிக்காக டப்பா டப்பாவாக வாங்கியதில், வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பிஸ்கட்தான்.

எட்டாவது மூடி கச்சிதமாகப் படிந்தது. அளவாகக் கத்தரித்து, இந்தத் தடவை ஆவி விடாத வெள்ளைப் பசையால் பொறுமையாக ஒட்டினார். காய்ந்ததும் துணியால் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காரின் பின்பக்கத்திலிருந்து அதன் வழியே பார்த்தார்.

“இப்பவும் கேக்குறேன். யாரு ஓட்டப்போறா?”

“யாரு ஓட்டினாலும் ரோடு தெரியணும்ல?” என்றார் டிரைவர்.